அண்ணன் தம்பி காதல் கதைகள்: பெங்களூரைக் களமாக வைத்து எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெற்றோரையோ உடன்பிறந்தவரையோ பறிகொடுத்த அண்ணன் தம்பிகள் பெரிய ஊரில் தனியாக நின்று, மெல்ல மெல்லக் காதலும் குடும்பமும் காணும் தொடர்கதைகளுக்கு இணையத்தில் வாசகர்கள் ஏராளம். எழுதுகிறவர்களும் ஏராளம் என்பதால் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே தொகுத்திருக்கிறோம். பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்த பதில்கள் இவை. வேறு ஊருக்குக் கதையை மாற்றினால் அலுவலகப் பெயர்களும் ஊர் வழக்கங்களும் மாறும்.

"ஹீரோவுக்கு ஒரு தம்பி இருந்தாலே அது அண்ணன் தம்பி கதை ஆயிடாதா?"

ஆகாது. தம்பியை எடுத்துவிட்டாலும் காதல் அப்படியே நடக்கும் என்றால், அவன் ஹீரோவுக்கு பைக் சாவி எடுத்துக் கொடுக்க வந்தவன், அவ்வளவுதான். இந்த வகைக் கதையை ஓட்டுவது வேறொன்று. வீட்டில் ஒருவர் இறந்ததும் அவர் பார்த்த வேலைகளெல்லாம் மிச்சம் இருப்பவர்கள் தலையில் விழுகின்றன. யார் சமைப்பது, யார் சம்பாதிப்பது, ஊரிலிருந்து போன் செய்யும் பெரியப்பாவுக்கு யார் பதில் சொல்வது, யார் அழலாம், யார் அழக் கூடாது. இந்தப் பங்கீட்டை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வதில்லை. ஒரு மாதத்தில் தானாகவே உறைந்துவிடும். காதல் வந்து அதைக் கலைக்கும்போதுதான் கதை தொடங்குகிறது.

எழுத உட்காரும் முன் ஒரு தாளில் அம்மா (அல்லது அப்பா) பார்த்த பத்து வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இப்போது அதை யார் பார்க்கிறார்கள் என்று குறியுங்கள். ஒன்றிரண்டு வேலைக்கு எதிரே யார் பெயரும் வராது. ஞாயிற்றுக்கிழமை மாவு அரைப்பது, தம்பியிடம் 'சாப்பிட்டியா' என்று கேட்பது மாதிரி. அந்தக் காலி இடங்கள்தான் உங்கள் நல்ல காட்சிகள். கீழே பல பதில்களில் இந்தப் பட்டியலுக்குத் திரும்ப வருவோம்.

"எத்தனை பேர் வைக்கலாம்? நாலு அண்ணன் தம்பி வச்சா சீரிஸா எழுதலாமே?"

இரண்டு பேர் போதும், மூன்று பேர் சமாளிக்கலாம். நான்கு வைத்தால் ஒருவன் கட்டாயம் 'கலகலப்பானவன்' ஆகிவிடுவான், அவனுக்கு இழப்பே தட்டாது. சீரிஸ் எழுதினால் இன்னொரு சிக்கல். முதல் பாகத்தில் குணமான துக்கத்தை இரண்டாம் பாகத்தில் முதலிலிருந்து அழ வைக்க முடியாது.

எண்ணிக்கையைவிட வயது இடைவெளிதான் முக்கியம். இரண்டு வயது வித்தியாசம் என்றால் போட்டி. பத்து வயது என்றால் அண்ணன் அப்பாவாகிவிடுவான். இழப்பு நடந்த நாளில் அண்ணனுக்கு 26, தம்பிக்கு 16 என்று வைத்துப் பாருங்கள். சட்டம், பணம், படிப்பு என்று கதைக்கு வேண்டிய நெருக்கடிகள் எல்லாம் அந்தக் கணக்கிலிருந்தே கிளம்பும்.

"யார் இறந்ததா வைக்கிறது? கதை ஆரம்பிக்கும்போது எத்தனை நாள் ஆகியிருக்கணும்?"

அம்மா போனால் வீட்டின் அன்றாடம் உடைகிறது. அப்பா போனால் பெரும்பாலும் பணமும் வெளியுலகத் தொடர்பும் உடைகின்றன. நடு அண்ணன் போனால் மிச்சமிருக்கும் இருவரும் பேசிக்கொள்ளும் வழியே அடைபட்டுப்போகும், ஏனென்றால் நடுவில் இருப்பவன்தான் இரு பக்கமும் பேசியவன். மூன்றும் வெவ்வேறு கதைகள். எல்லோரையும் ஒரே விபத்தில் முடித்துவிடுவது எழுதுகிறவருக்குத்தான் வசதி. வாசகருக்கு யாருக்காக அழுவது என்று தெரியாது.

கால இடைவெளிக்கு நாங்கள் சொல்வது எட்டு மாதம் முதல் இரண்டு வருடம் வரை. முதல் மாதத்திலேயே ஹீரோயின் வந்தால் அவனுக்குக் காதலிக்க நேரமே இருக்காது, காரியமும் கவர்மென்ட் ஆபீஸுமாக அலைவான். எட்டு மாதத்தில் தொடங்கினால் தலைத்திவசம் கதைக்குள்ளேயே வந்துவிடும். அது உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் உச்சக்காட்சி.

"பெங்களூர்ல எந்த ஏரியா? எல்லாரும் கோரமங்களா, இந்திரா நகர்னே எழுதறாங்களே"

ஐடி வேலைக்குத் தனியாக வந்தவனுக்கு அந்த ஏரியாக்கள் சரி. தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம் என்றால் அல்சூர், மர்பி டவுன், காக்ஸ் டவுன், ஆஸ்டின் டவுன், விவேக் நகர், நீலசந்திரா, சிவாஜி நகர், மேற்குப் பக்கம் ஸ்ரீராமபுரம், ஓகளிபுரம். 1809-இல் ஆங்கிலேயர் கண்டோன்மென்ட் அமைத்தபோது மதராஸ் படையோடும் அதை நம்பிய தொழில்களோடும் வந்து தங்கியவர்களின் வழி வந்தவர்கள் கிழக்குப் பகுதியில் நிறைய. தாத்தாவுக்கு வேலை வேண்டுமா? எச்ஏஎல் (விமானத் தொழிற்சாலை) 1940-இல் வந்தது, ஐடிஐ (தொலைபேசித் தொழிற்சாலை) 1948-இல், ஜாலஹள்ளி பிஇஎல் (மின்னணுத் தொழிற்சாலை) 1954-இல். பிறந்த வருடத்தைக் கணக்குப் போட்டு எங்கே வேலை பார்த்தார் என்று தீர்மானியுங்கள்.

கோலார் தங்கவயலை மறந்துவிடாதீர்கள். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. வேலை போன குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்றும் மாரிக்குப்பத்திலிருந்து பங்காரப்பேட்டை வழியாக ரயிலில் தினமும் பெங்களூர் வந்து போகிறார்கள். ஹீரோயின் அந்த ரயிலில் வருகிறவள் என்றால் அவளும் ஒரு இழப்பைச் சுமந்தவள்தான், விளக்கவே தேவையில்லை. மாலை ரயிலைப் பிடிக்க அவள் கிளம்பியே ஆக வேண்டும் என்பதும் காதல் காட்சிக்கு நல்ல கெடு.

தேதிகளில் கவனம் வையுங்கள். அல்சூரில் ஏறி வண்டி மாறாமல் ஒயிட்ஃபீல்டு வரை மெட்ரோவில் போவது 2023 அக்டோபருக்குப் பிறகுதான் முடியும். அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையைத் திறந்தது 2009 ஆகஸ்ட். 2005-இல் நடக்கும் ஃப்ளாஷ்பேக்கில் ஜோடியை அந்தச் சிலைக்குக் கீழே நிற்க வைத்தால் உள்ளூர் வாசகர் முதல் கமெண்டிலேயே பிடித்துவிடுவார்.

"பேச்சு வழக்கு எப்படி? நடு நடுவுல கன்னடம் போடணுமா?"

போடலாம், ஆனால் யாரிடம் பேசும்போது என்று பாருங்கள். வீட்டுக்குள் தமிழ், ஆட்டோக்காரரிடம் கன்னடம், நண்பர்களிடம் 'மச்சா', 'சக்கத்தா இருக்கு' என்று கலவை. 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' (கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க) என்ற ஒரே வரியை வைத்துக்கொண்டு பெங்களூரைக் காட்டுவதை விட்டுவிடலாம். தர்ஷினியில் (நின்றே சாப்பிடும் சிற்றுண்டிக் கடை) ஒரு காபியை இரண்டாகப் பிரித்து 'பை டூ' குடிக்கும் இருவர் போதும்.

இந்த ஊருக்கே உரிய ஒரு விஷயம் கதைக்கு மிகவும் உதவும். இங்கே படித்த பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அம்மா கைப்பட எழுதிய சமையல் நோட்டோ, கணக்கு டைரியோ தம்பியின் கையில் இருந்தும் அவனுக்குப் படிக்கத் தெரியாது. அண்ணனுக்குத் தெரியும். ஹீரோயின் வாசித்துக் காட்டுவது அழகான காட்சிதான். ஆனால் இத்தனை நாளும் அண்ணன் ஏன் வாசித்துக் காட்டவில்லை என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். அந்தப் பதில்தான் பெரும்பாலும் அண்ணனின் கதை.

"காரியம், திதி எல்லாம் எந்த அளவுக்கு எழுதணும்?"

கதைக்கு வேலை செய்யும் அளவுக்கு. பல தமிழ்க் குடும்பங்களில் தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைப்பது வழக்கம். அண்ணன் தம்பி கதைக்கு இதைவிடக் கனமான செய்தி கிடைக்காது. 16 வயதுத் தம்பி அம்மாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வருகிறான். அன்றிலிருந்து அண்ணன் அவனைப் பார்க்கும் பார்வையில் ஏதோ மாறுகிறது. அது பொறாமையா, பரிதாபமா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அஸ்தி கரைக்கப் பெங்களூர்க்காரர்கள் பலரும் போவது ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே காவிரிக் கரையில் உள்ள பச்சிமவாகினி. ஏறக்குறைய 125 கிலோமீட்டர். அண்ணனும் தம்பியும் பைக்கில் போவதாக எழுதினால், 2023 ஆகஸ்ட் 1 முதல் மைசூர் எக்ஸ்பிரஸ் சாலையின் நடுப்பாதையில் இருசக்கர வாகனத்துக்குத் தடை என்பது நினைவிருக்கட்டும். சர்வீஸ் ரோட்டில் ஊர் ஊராக நிறுத்தி நிறுத்தித்தான் போக முடியும். கதைக்கு அதுவே நல்லது, பேச நேரம் கிடைக்கும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் 30-ஆம் நாள் பூசை, பிறகு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கல்பள்ளி, ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டங்களில் அன்று மெழுகுவர்த்தியும் பூவும் கூட்டமுமாக இருக்கும்.

அடிக்கடி வரும் பிழை ஒன்று: திவசத்தை ஒவ்வொரு வருடமும் அதே ஆங்கிலத் தேதியில் வைப்பது. திவசம் என்பது தமிழ் மாதம், பட்சம் (வளர்பிறையா தேய்பிறையா), திதி மூன்றையும் பார்த்து வருவது, தேதி நகரும். இறந்த தேதி ஒரு நாள், திதி வேறொரு நாள். தம்பி தேதியை நினைத்து அழுகிறான், அண்ணன் திதிக்கு லீவு போடுகிறான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் 'மறந்துட்டான்' என்று நினைக்கிறார்கள். பிழையாகப் போக வேண்டியது அப்படியே ஒரு எபி (எபிசோட், தொடரின் ஒரு பகுதி) ஆகிவிடும்.

"அப்பா அம்மா இல்லைன்னா தம்பிக்கு அண்ணன்தானே கார்டியன்?"

ஊர் பார்வையில் ஆம், சட்டத்தில் தானாக ஆகாது. 1956-இன் இந்து சிறுவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி இயற்கைக் காப்பாளர் தகப்பன், அவருக்குப் பின் தாய். அண்ணன் அந்த வரிசையில் இல்லை. 18 நிரம்பாத தம்பிக்குக் காப்பாளராக அவன் 1890-இன் காப்பாளர் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். ஆணை கிடைத்த பிறகும் தம்பியின் பங்கு வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ நீதிமன்றத்தின் அனுமதி தேவை.

கதைக்கு இதில் என்ன? மாமாவோ சித்தப்பாவோ போட்டி மனுப் போடலாம். 'கல்யாணம் ஆகாத 26 வயசுப் பையன் எப்படிப் பார்த்துக்குவான்' என்று கேட்கலாம். அதற்காக உடனே ஒரு ஒப்பந்தக் கல்யாணத்தை இறக்கிவிடாதீர்கள். நீதிமன்றம் பார்ப்பது சிறுவனின் நலன். அண்ணனுக்கு மனைவி இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. ஒப்பந்தக் கல்யாணம்தான் எழுத ஆசை என்றால், வக்கீல் சொன்னதாக எழுதாமல், பயந்துபோய் அண்ணனே எடுத்த முடிவாக எழுதுங்கள்.

"பணம், வீடு விஷயம் வாசகருக்கு போர் அடிக்காதா?"

பட்டியலாகப் போட்டால் அடிக்கும். ஒரு பேப்பருக்கு ஒரு காட்சி என்று வைத்தால் அடிக்காது. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பிறகு நாடகச்சேரி என்ற வருவாய்த் துறை அலுவலகத்தில் வம்சவிருட்சச் சான்று (குடும்ப உறுப்பினர் பட்டியல்). அதில் குடும்பத்தில் யார் யார் என்ற வரிசையில் அம்மா பெயருக்குப் பக்கத்தில் 'இறந்தவர்' என்று எழுதிக் கொடுக்கிறவன் யார் என்பதே ஒரு காட்சி. சொந்த வீடாக இருந்தால் காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) மாற்ற வேண்டும். 2025 செப்டம்பருக்குப் பிறகு நடக்கும் கதையில் பிபிஎம்பி (ஒரே பெங்களூர் மாநகராட்சியாக இருந்தது) ஆபீஸ் என்று எழுதாதீர்கள். அதை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்துவிட்டார்கள்.

வங்கியில் அண்ணன் பெயர் நாமினியாக இருந்தால் பணம் முழுக்க அவனுடையது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே. உயில் இல்லாத இந்துத் தகப்பன் என்றால் மகன்களுக்கும் மகள்களுக்கும் மனைவிக்கும் அவருடைய தாய்க்கும் சம பங்கு. கல்யாணமாகி ஓசூரில் இருக்கும் அக்காவை விட்டுவிட்டு இரண்டு பேரும் வீட்டைப் பிரித்துக்கொள்ள முடியாது. அப்பா பிஎஃப் பிடித்த கம்பெனியில் வேலை பார்த்தபோதே இறந்திருந்தால் இன்ஷூரன்ஸ் தொகை 7 லட்சம் வரை வரலாம். தாயும் இல்லாத பிள்ளைக்கு 25 வயது வரை ஓய்வூதியம் உண்டு. தம்பிக்குக் கிடைக்கும், 26 வயது அண்ணனுக்குக் கிடைக்காது. அந்தப் பணத்தைத் தொடாமல் தம்பி பெயரிலேயே போட்டு வைப்பவனா அண்ணன், வாடகைக்கு எடுப்பவனா?

வாடகை வீடு என்றால் பெங்களூர் லீஸ் முறையைப் பயன்படுத்துங்கள். மொத்தமாகச் சில லட்சம் கொடுத்து மாத வாடகையில்லாமல் இரண்டு மூன்று வருடம் இருப்பது, காலி செய்யும்போது தொகை திரும்பும். அப்பா கையெழுத்துப் போட்டிருந்தால் பணத்தைத் திரும்ப வாங்க வாரிசுகள் எல்லோரும் வேண்டும். வீட்டுக்காரர் கடன் கட்டாமல் வங்கி வீட்டை எடுத்துக்கொண்டால் லீஸ் பணமும் மாட்டிக்கொள்ளும். நகரத்து வில்லன் வேண்டும் என்கிறவர்களுக்கு இது போதும், கடத்தல் எல்லாம் தேவையில்லை.

"விபத்து வச்சிருக்கேன். கார் ஓட்டினது தம்பிதான். அதுல என்ன பார்க்கணும்?"

முதலில் இடம். சென்னையிலிருந்து திரும்பும் வழியில் கிருஷ்ணகிரி அருகே என்று வைத்தால் வழக்கு, பிரேதப் பரிசோதனை, இறப்புப் பதிவு எல்லாம் அங்கேதான். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும், குடும்பம் வசிக்கும் ஊரில் இல்லை. சான்றிதழுக்காக அண்ணன் அந்த இடத்தைத் தாண்டித் தாண்டிப் போய் வர வேண்டும். இழப்பீட்டு மனுவை மட்டும் வாரிசுகள் வசிக்கும் ஊரிலும் போடலாம்.

அடுத்து தேதி. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு 2024 ஜூன் 30 வரை நடந்தவற்றில் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 304ஏ, அதிகபட்சம் இரண்டு வருடம். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106, ஐந்து வருடம் வரை. தம்பிக்கு 18 நிரம்பவில்லை என்றால் கதையே வேறு. அவனை ஓட்ட விட்ட பெரியவர்களும் வண்டியின் சொந்தக்காரரும் பொறுப்பேற்க வேண்டி வரும்.

மனசுப் பக்கம் பார்த்தால், தம்பி குற்றவுணர்வில் இருப்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். எழுதாமல் விடுவது அண்ணன் அவனை மன்னிக்காத பகுதியை. 'உன் தப்பு இல்லடா' என்று முதல் எபியிலேயே சொல்லிவிட்டால் மிச்ச எபிகளுக்கு என்ன செய்வீர்கள்?

"மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. இந்த அஞ்சு கட்டத்தை வச்சு எபி பிரிச்சுக்கலாமா?"

வேண்டாம். 1969-இல் எலிசபெத் குப்ளர் ராஸ் அதைச் சொன்னது மரணத்தை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளைப் பார்த்து. பிறகுதான் இழந்தவர்களுக்கும் ஒட்ட வைத்தார்கள். படிக்கட்டு மாதிரி வரிசையாக ஏறுகிறவர்கள் யாரும் இல்லை.

எழுத்துக்கு அதிகம் உதவுவது 1999-இல் ஸ்ட்ரோப், ஷூட் இருவரும் முன்வைத்த பார்வை. துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் அன்றாட வேலையின் பக்கமும் மாறி மாறிப் போய் வருகிறார் என்பது அதன் சாரம். இதை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுங்கள். அண்ணன் முழுக்க வேலைப் பக்கம், தம்பி முழுக்க இழப்புப் பக்கம். இருவரும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணனுக்கு ஒரு நாள் அழ வேண்டும், தம்பிக்கு ஒரு நாள் மின்சார பில் கட்ட வேண்டும். முதல் பதிலில் சொன்ன பட்டியலில் வேலைகளுக்கு எதிரே இருக்கும் இருவர் பெயரும் இடம் மாறுவதுதான் குணமாவது. ஹீரோயின் கட்டிப்பிடிப்பதால் வருவது ஆறுதல், அது வேறு கணக்கு.

"ஹீரோயினையே கவுன்சிலரா வச்சுட்டா வசதியா இருக்குமே?"

வசதிதான், தப்பும் அதுதான். தன்னிடம் சிகிச்சைக்கு வருகிறவரைக் காதலிப்பது அந்தத் தொழிலில் கடுமையான ஒழுங்கு மீறல். 'அன்பால் குணமாக்கினாள்' என்று மூடி மறைக்க முடியாது. அவளைத் தம்பியின் கல்லூரி ஆசிரியையாகவோ, கீழ் வீட்டில் டெய்லரிங் செய்பவளாகவோ, லீஸ் பணப் பிரச்சினையைப் பார்க்கும் ஜூனியர் வக்கீலாகவோ வையுங்கள். கடைசியில் சொன்னதிலும் வழக்கு முடியட்டும், பிறகு காதல்.

ஹீரோவுக்கு உதவி வேண்டுமென்றால் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இந்த ஊரிலேயே, ஓசூர் ரோட்டில் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். இழப்புக்குப் பின் எத்தனை நாள் வரை இயல்பு என்று கேட்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு நீடித்த துக்கத்தை ஒரு நோயாகப் பார்க்கக் குறைந்தது 6 மாதம் என்கிறது, அமெரிக்க வகைப்பாடு பெரியவர்களுக்கு 12 மாதம். மூன்றாம் மாதம் அழுகிறவனுக்கு நோய் என்று எழுதாதீர்கள்.

"ஜோடி எத்தனாவது எபியில சந்திக்கணும்?"

40 எபி, ஒவ்வொன்றும் 1,200 வார்த்தை என்று வைத்துக்கொண்டால் மூன்றாவதுக்குள். ஆனால் முதல் இரண்டு எபியில் வீட்டின் பங்கீடு வாசகருக்குப் பழகியிருக்க வேண்டும். பழகாததை எப்படிக் கலைப்பது? 12-க்குள் அண்ணன் தம்பி ஒருவரை ஒருவர் மறைக்கும் ஒரு விஷயம் வர வேண்டும், 20-ஐ ஒட்டி அது உடைய வேண்டும். காதலைச் சொல்லும் காட்சியை அண்ணன் தம்பி சண்டைக்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்றால் பின்னால். முன்னால் வைத்தால் சண்டைக்குக் காரணம் அந்தப் பெண் என்று ஆகிவிடும், கமெண்டில் அவளைத் திட்டுவார்கள்.

"அழுகை ஓவர்னு கமெண்ட் வருது. குறைக்கவா?"

அழுகிற இடங்களை எண்ணுங்கள். பெரும்பாலும் அழுகை அதிகமாக இருக்காது, ஒரே மாதிரி இருக்கும்: போட்டோ முன்னால், மழையில், மொட்டை மாடியில். மூன்றில் இரண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வேலையைக் கொடுங்கள். சமையல் நோட்டில் 'உப்பு தேவைக்கு' என்று இருக்கிறது, எவ்வளவு என்று இருவருக்கும் தெரியவில்லை. சிரிப்பும் வரும். இழந்த வீட்டில் ஜோக் அடிக்க மாட்டார்கள் என்று நினைப்பது எழுதுகிறவரின் பயம்தான்.

"தளத்துல முழுசா போட்ட கதையை கிண்டில்லயும் போடலாமா?"

போடலாம், ஆனால் கிண்டிலின் 'செலக்ட்' திட்டத்தில் சேர்த்தால் அதன் ஒப்பந்தக் காலமான 90 நாளும் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபியிலோ சொந்தத் தளத்திலோ உள்ள அத்தியாயங்களை எடுத்துவிட வேண்டும், மாதிரிக்குப் பத்து சதவீதம் வரை விட்டு வைக்கலாம். இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் செலக்டில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் 35.

"அண்ணன் ஜோடிக்கு மட்டும்தான் கமெண்ட் வருது. தம்பி ஜோடியை என்ன பண்றது?"

தம்பியின் காதலை அண்ணனின் காதல் மாதிரியே எழுதியிருப்பீர்கள். அண்ணனுக்குக் காதல் என்பது பொறுப்பை யாரிடமாவது கொஞ்சம் இறக்கி வைப்பது. தம்பிக்கு முதல் முறையாகப் பொறுப்பு எடுப்பது. ஒன்றில் அவள் பார்த்துக்கொள்கிறாள், மற்றதில் அவன் பார்த்துக்கொள்கிறான். தம்பிக்கு 19 வயது என்றால் கல்யாணம் வரை இழுக்க வேண்டாம், ஆணுக்குச் சட்டப்படி வயது 21. அவனுக்கு ஒரு பிரியம், ஒரு ஏமாற்றம், ஒரு வேலை போதும்.

"ஹீரோயின் கன்னடப் பொண்ணு. காவிரிப் பிரச்சினையைத் தொடணுமா?"

காவிரிக் கலவரம் நடந்த 1991 டிசம்பரும் 2016 செப்டம்பரும் இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களின் நினைவில் இருப்பவை. அப்பா உயிரோடு இருந்தபோது 1991-ஐப் பற்றி என்ன சொன்னார், என்ன சொல்லாமல் விட்டார் என்பதை ஒரு வரியில் வைக்கலாம். இரு வீட்டாரையும் கட்சி பிரித்து வசனம் பேச வைத்தால் கதை மேடையேறிவிடும். அதே ஆற்றில்தான் இந்தப் பையன்கள் அஸ்தி கரைத்தார்கள் என்பதை ஆறாவது பதிலிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், யார் வாயிலும் வசனமாகக் கொடுக்க வேண்டாம்.

இருவரும் இந்து என்றால் இந்துத் திருமணச் சட்டத்திலேயே பதிவு செய்யலாம், மொழி வேறு என்பதற்காகச் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போக வேண்டியதில்லை. மதமும் வேறு, யாரும் மாறப் போவதில்லை என்றால் சிறப்புச் சட்டம், 30 நாள் அறிவிப்பு. அந்த முப்பது நாள் உங்களுக்கு ஆறேழு எபி. முறைப் பெயர்களைச் சரியாக வையுங்கள். அவள் தம்பி அவனை 'பாவா' என்பான், அவள் வீட்டார் அண்ணியை 'அத்திகே' என்பார்கள்.

"ரெண்டு பேரும் ஒரே பொண்ணை லவ் பண்ற மாதிரி?"

வேண்டாம். ஒருவன் விட்டுக்கொடுப்பான், அவனை யாரும் நம்ப மாட்டார்கள்.

"அண்ணன் இறந்துட்டான். அண்ணிக்கும் தம்பிக்கும் காதல். எழுதினா அடிப்பாங்களா?"

சில வாசகர்கள் முதல் எபியிலேயே போய்விடுவார்கள். 'அண்ணி தாய்க்குச் சமம்' என்று வளர்ந்தவர்களிடம் வாதாடி ஜெயிக்க முடியாது, டீசரிலேயே சொல்லிவிடுவது மரியாதை. எழுத முடிவு செய்தால் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் சகோதரனின் மனைவியாக இருந்தவர் தடுக்கப்பட்ட உறவுகளின் பட்டியலில் இருக்கிறார். அந்தச் சமூகத்தில் வழக்கம் இருந்தால் மட்டுமே விலக்கு. 'பெரியவங்க சேர்த்து வச்சாங்க, ரிஜிஸ்டர் ஆபீஸ் போனாங்க, சுபம்' என்று தாண்டிவிட முடியாது.

அதைவிடக் கடினம் அவளுடைய சம்மதம். பெரும்பாலான கதைகளில் குழந்தைக்காக, வீட்டுக்காக, மாமியாருக்காக என்று அவளைத் தவிர எல்லோருக்காகவும் கல்யாணம் நடக்கிறது. அவளுக்கு ஒரு வேலையும், தனியாகப் போய்விடக்கூடிய ஒரு வழியும் கொடுங்கள். ஒயிட்ஃபீல்டில் பிஜி அறை பார்த்து அட்வான்ஸ் கூடக் கட்டியிருக்கட்டும். போக முடிந்தும் போகாதவள் சொல்லும் சம்மதத்தைத்தான் வாசகர் ஏற்பார். தம்பி அவளை எந்த எபியிலிருந்து 'அண்ணி' என்று கூப்பிடுவதை நிறுத்துகிறான் என்பதையும் முன்கூட்டியே குறித்து வையுங்கள். இடையில் மாறி மாறி எழுதினால் மொத்தமும் கெட்டுவிடும்.

"கல்யாணம் ஆனதும் ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கணுமா, பிரியணுமா? முடிவுல மாட்டிக்கிட்டேன்"

இறப்புக்குப் பின் முதல் வருடம் பண்டிகையும் சுபகாரியமும் வேண்டாம் என்பது பொது வழக்கம், அந்த வருடத்துக்குள்ளேயே கல்யாணத்தை முடித்துவிடும் குடும்பங்களும் உண்டு. எதுவாக இருந்தாலும் ஒரு பெரியவர் வாயால் காரணம் வரட்டும். வீட்டைப் பொறுத்தவரை கூட்டுக் குடும்பமாகவே முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு பெட்ரூம் வீட்டில் இரண்டு ஜோடி, லீஸ் முடிய நான்கு மாதம் என்றால் யாராவது கிளம்பித்தான் ஆக வேண்டும்.

யார் கிளம்புவது என்பதற்குப் பட்டியலைப் பாருங்கள். அம்மாவின் வேலைகளில் அதிகம் தன் மேல் போட்டுக்கொண்டவன் கிளம்பட்டும், அதாவது பெரும்பாலும் அண்ணன். அவன் கிளம்பினால்தான் தம்பி எதைக் கற்றுக்கொண்டான் என்பது தெரியும். லீஸ் தொகை திரும்பியதும் அக்கா பங்கையும் சேர்த்து மூன்றாகப் பிரிப்பது, கிரைண்டர் யாருக்கு, சமையல் நோட்டு யாருக்கு, கேஸ் கனெக்‌ஷனை யார் பெயருக்கு மாற்றுவது என்று எழுதிக்கொண்டே போங்கள். புது வீட்டுக்கு 10 மாத அட்வான்ஸ் கேட்பார்கள், காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங்குக்குப் பிடிப்பார்கள். அந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.